ஸ்பைருலினாவா, இரும்பு மாத்திரையா, முருங்கைக்கீரையா: எந்தத் தொந்தரவுக்கு எது?

தெம்பே இல்லை, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறது என்று யார் புலம்பினாலும், பக்கத்தில் இருக்கிற ஒருவர் "ஸ்பைருலினா சாப்பிடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்கிற காலம் இது. சொல்கிறவர் பாதி நேரம் அதை விற்கிறவராகவோ விற்கிறவருக்குச் சொந்தக்காரராகவோ இருப்பார், அது வேறு விஷயம். சோகை, சர்க்கரை, கொழுப்பு, தும்மல், முடி உதிர்வு, பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை மாத்திரை. இதே தொந்தரவுகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சிவப்பு மாத்திரை கொடுக்கிறார்கள், கொல்லையில் முருங்கை நிற்கிறது, மருந்துக்கடையில் வைட்டமின் பி12 மாத்திரை கிடைக்கிறது, முட்டையும் வேர்க்கடலையும் எங்கேயும் போய்விடவில்லை. இதில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு போய்விடலாம். ஸ்பைருலினா நல்ல சாப்பாட்டுச் சாமான், மோசடி இல்லை. ஆனால் நாம் அதை விழுங்குகிற அளவு மிகக் கொஞ்சம், அந்த அளவுக்குள் அது செய்யக்கூடியதும் கொஞ்சம்தான். டப்பாவில் அச்சிட்டிருக்கிற கணக்கு ஒன்று, வாய்க்குள் போகிற கணக்கு வேறு.

அது என்ன பொருள் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தமிழில் சுருள்பாசி என்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஸ்பிரிங் மாதிரி சுருண்ட பச்சை இழை. பாசி என்று சொன்னாலும் அறிவியல்படி இது ஒரு பாக்டீரியா வகை, சூரிய ஒளியில் தானே உணவு தயாரித்துக்கொள்கிற நீலப்பச்சை பாக்டீரியா. மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் டெஸ்கோகோ ஏரியிலிருந்து இதை அள்ளிக் காயவைத்துச் சாப்பிட்டார்கள். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பக்கம் இருக்கிற கானெம்பு பெண்கள் இன்றும் மணலில் ஊற்றி உலர்த்தி, டிஹே என்ற பெயரில் அடையாக விற்கிறார்கள், குழம்பில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு இது மருந்து இல்லை, தினப்படிச் சாப்பாடு. அதனால் அவர்கள் சாப்பிடுகிற அளவும் நம் இரண்டு கேப்சூலைவிடப் பல மடங்கு.

நம் ஊருக்கும் இதற்கும் நல்ல உறவு உண்டு. சென்னை தரமணியில் இருக்கிற ஏ.எம்.எம். முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி என்ற பொறியாளர் இதைக் கிராமத்துப் பெண்களே தொட்டி கட்டி வளர்க்கும்படி எளிமையாக்கப் பல வருடம் உழைத்தார். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய தொழில்முறைப் பண்ணையே இருக்கிறது, ஆரோவில்லிலும் மதுரைப் பக்கமும் சின்ன பண்ணைகள் உண்டு. நம் வெயிலும் இதற்குத் தோது. தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்து நன்றாகக் காரத்தன்மை ஏற்றி, 35 டிகிரி சூட்டில் கலக்கிக்கொண்டே இருந்தால் தொட்டி முழுக்கக் கரும்பச்சையாகத் திரண்டுவிடும். அப்புறம் மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீரைப் பிழிந்து, வருகிற பசையை இடியாப்ப உழக்கில் போட்டு நூல் நூலாகப் பிழிந்து காயவைப்பார்கள். உலர்ந்ததும் கையால் அழுத்தினாலே நொறுங்கும். ஈரப் பசைக்கு அவ்வளவாக ருசியே கிடையாது, அந்தக் குளத்து வாடையெல்லாம் காயும்போது ஏறுவதுதான்.

சரி, டப்பாவுக்கு வருவோம்.

டப்பாவின் பின்பக்கம் இருக்கிற அட்டவணையைப் பாருங்கள். பல டப்பாக்களில் "100 கிராமில்" என்று போட்டிருக்கும். உலர்ந்த ஸ்பைருலினா 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 57 கிராம், இரும்பு 28 மில்லிகிராம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை. படித்தால் வாய் பிளக்கத்தான் வேண்டும், ஆட்டுக்கறியில்கூட இவ்வளவு புரதம் இல்லை. ஆனால் 100 கிராம் ஸ்பைருலினா யார் சாப்பிடுகிறார்கள்? 500 மில்லிகிராம் கேப்சூல் காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஆக 1 கிராம். அதில் புரதம் அரை கிராமுக்குச் சற்று மேல், இரும்பு 0.28 மில்லிகிராம். அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒப்பீடுகளில் பாதியை நீங்களே போட்டுவிடலாம்.

இன்னொரு வசனமும் சுற்றுகிறது: 1 கிராம் ஸ்பைருலினா 1 கிலோ காய்கறிக்குச் சமம், நாசாவே சொன்னது என்று. விண்வெளி வீரர்களுக்கு இதை வளர்க்க முடியுமா என்று ஆராய்ந்தது உண்மை. மற்றபடி அந்தக் கணக்கை நாமே சரிபார்க்கலாம். 1 கிலோ தண்டுக்கீரை அல்லது முளைக்கீரையில் புரதம் 30 கிராம் பக்கம், இரும்பு 40 மில்லிகிராமுக்கு மேல். 1 கிராம் பொருளுக்குள் 30 கிராம் புரதத்தை எப்படி அடைப்பது? இதற்கு விஞ்ஞானி தேவையில்லை, தராசு வைத்திருக்கிற கடைக்காரர் போதும்.

முதலில் சோகை, ஏனென்றால் இதை வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருவர். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, ஆணுக்கு 13க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் சோகை. ஒரு பெண்ணுக்குத் தினமும் உணவில் 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, ஆணுக்கு 19. உங்கள் இரண்டு கேப்சூல் அதில் தருவது நூற்றில் ஒரு பங்கு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற சிவப்பு மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், கூடவே 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று தருகிற நீல மாத்திரையிலும் அதே அளவுதான். அந்த ஒரு மாத்திரையில் இருக்கிற இரும்பை ஸ்பைருலினாவில் எடுக்க வேண்டுமானால் 210 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டும், அதாவது 420 கேப்சூலுக்கு மேல், பல டப்பாக்கள், ஒரே நாளில். வளர்க்கிற தண்ணீரில் இரும்பைக் கூட்டிச் சேர்த்தால் ஸ்பைருலினாவிலும் இரும்பு கூடும், 100 கிராமில் 100 மில்லிகிராம் வரை இருக்கிறது என்று சொல்கிற நிறுவனங்களும் உண்டு. அதையே நம்பிக் கணக்குப் போட்டாலும் 120 கேப்சூல் வருகிறது.

"மாத்திரை இரும்பு உடம்பில் ஒட்டாது, இயற்கை இரும்புதான் ஒட்டும்" என்று ஒரு வாதம் வரும். தாவர இரும்பு, பாசி இரும்பு, மாத்திரை இரும்பு மூன்றுமே குடல் வழியாக உள்ளே போவது ஒரே கதவில்தான். கறியில் இருக்கிற ரத்த இரும்புக்கு மட்டும் வேறு கதவு, அது சுலபமாகத் திறக்கும். நம் ஆட்கள் சோகை பிடித்த பெண்ணுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்கி வந்து மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தது சும்மா இல்லை. (கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மேல் இருக்கும். சுவரொட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, நன்றாக வேகவைத்தால் போதும்.)

மாத்திரைக்கும் குறை இருக்கிறது, மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. வயிற்றைப் பிரட்டும், மலச்சிக்கல் வரும், மலம் கறுப்பாகப் போகும், பயந்துபோய் நாலாம் நாளே நிறுத்திவிட்டு "எனக்கு ஒத்துக்கல" என்று ஸ்பைருலினா பக்கம் போகிறவர்கள் ஏராளம். அந்தக் கறுப்பு ஒன்றும் செய்யாது, உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது. வயிறு ஒத்துழைக்காவிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், அல்லது டாக்டரிடம் கேட்டுவிட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். இரும்பு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி மறுநாள் இரும்பை உறிஞ்சுவதைக் குறைக்கிறது, அதனால் ஒரு நாள் இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாகவே உள்ளே போகிறது என்று 2017ல் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது. கர்ப்பிணிகளும், ரொம்பக் குறைவாக இருப்பவர்களும் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. இன்னொன்று, மாத்திரையைப் போட்டுவிட்டு உடனே டீ குடிப்பது. டீயில் இருக்கிற டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். மாத்திரையோடு எலுமிச்சை ஜூஸ் அல்லது ஒரு நெல்லிக்காய் நல்லது.

இனி முருங்கை. இங்கே கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும், ஏனென்றால் நாம் முருங்கைக்குக் கொடுக்கிற புகழும் டப்பாக்காரர்கள் ஸ்பைருலினாவுக்குக் கொடுக்கிற புகழும் ஒரே ரகம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி பச்சை முருங்கைக்கீரை 100 கிராமில் இரும்பு 4.5 மில்லிகிராம், கால்சியம் 314 மில்லிகிராம், வைட்டமின் சி நூறைத் தாண்டுகிறது. உருவி எடுத்த கீரை ஒரு ஆளுக்குப் பொரியலில் 50 கிராம் வரும். அதில் இரும்பு 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அதில் உடம்புக்குள் நிற்பது இன்னும் குறைவு. ஹீமோகுளோபின் 8ல் இருக்கிறவருக்கு முருங்கைக்கீரை சூப்பு மட்டும் கொடுத்துச் சரி செய்ய முடியாது.

ஆனால் ஸ்பைருலினாவோடு ஒப்பிட்டால் கதை வேறு. அந்த 50 கிராம் கீரையின் இரும்பு 16 கேப்சூலுக்குச் சமம், கால்சியம் கணக்கில் பார்த்தால் கேப்சூல் பக்கத்திலேயே வராது, நார்ச்சத்து கூடுதல் லாபம். கீரை ஜெயிப்பது அதில் அபூர்வமாக ஏதோ இருப்பதால் இல்லை, கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிட முடிவதால். அதே கீரையைக் காயவைத்துப் பொடியாக்கி, கேப்சூலில் அடைத்து, மொரிங்கா என்று பேர் வைத்து 400 ரூபாய்க்கு விற்றால் அதுவும் ஸ்பைருலினா கதைதான். தினம் ஒரு கேப்சூல் முருங்கைப் பொடி ஒன்றும் செய்யப்போவதில்லை. பொடியையே வாங்கினால் அடைக்கோ இட்லிப் பொடிக்கோ தாராளமாகக் கலந்து சாப்பிடுங்கள்.

ஸ்பைருலினாவுக்குச் சாதகமாக ஆய்வே இல்லையா என்றால் இருக்கிறது. அமெரிக்காவில் முன்பு சோகை இருந்த 50 வயதைத் தாண்டிய 40 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் ரத்த அளவுகள் சற்று மேம்பட்டன என்று 2011ல் ஒரு கட்டுரை வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, கொடுக்காத குழு என்று ஒன்று அதில் இல்லை. அதனால் அதை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது.

ஆக சோகைக்கு என் வரிசை இதுதான்: முதலில் ரத்தப் பரிசோதனை, குறைவாக இருந்தால் மாத்திரை, கூடவே கீரை, ராகி, கம்பு, கறி சாப்பிடுகிறவர்கள் ஈரலோ சுவரொட்டியோ. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா, மூலம் இருக்கிறதா, குடலில் கொக்கிப்புழு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அடியில் ஓட்டை இருக்கும்போது மேலே எதை ஊற்றியும் நிறையாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்காக இன்னும் மூன்று மாதமாவது மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். ஸ்பைருலினாவுக்கு இந்த வரிசையில் இடம் இல்லை. பிரியப்பட்டால் ஓரமாகச் சேர்த்துக்கொள்ளலாம், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டவே வேண்டாம். அதுவும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு "கெமிக்கல் மாத்திரை வேண்டாம், இது இயற்கை" என்று மாமியாரோ சித்தியோ மாற்றிக் கொடுப்பதைப் பார்த்தால் சண்டை போட்டாவது நிறுத்துங்கள்.

அடுத்தது பி12. இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. "சைவர்களுக்கு வரப்பிரசாதம், பி12 நிறைந்தது" என்று இன்னமும் எழுதி விற்கிறார்கள். ஸ்பைருலினாவில் பி12 மாதிரி தெரிகிற பொருள் இருக்கிறது, ஆய்வகத்தில் அளந்தால் பி12 என்றே காட்டும். ஆனால் அதில் பெரும்பகுதி போலி பி12, மனித உடம்பில் வேலை செய்யாத வடிவம் என்று ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 1999லேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1991ல், நெதர்லாந்தில் பி12 குறைந்த சைவக் குழந்தைகளுக்கு ஸ்பைருலினாவும் கடல்பாசியும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் பி12 அளவு ஏறியதாகக் காட்டியது, சோகை மட்டும் சரியாகவில்லை. இதில் ஆபத்து என்னவென்றால் "நான்தான் ஸ்பைருலினா சாப்பிடுகிறேனே" என்று நிம்மதியாக இருந்துவிடுவோம், உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். கை கால் மரத்துப்போகிறது, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, நாக்கு வழவழவென்று எரிகிறது என்றால் பி12 பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் மெத்தில்கோபாலமின் மாத்திரை, ரொம்பக் குறைவு என்றால் ஊசி. பால், தயிர், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு அதிலேயே ஓரளவு வரும். போட்டியே இல்லை, மாத்திரைதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுகிறவர்கள் கறி சாப்பிட்டாலும் பி12 பார்த்துக்கொள்வது நல்லது, அந்த மருந்து பி12ஐக் குறைக்கும்.

புரதத்துக்காக வாங்குகிறவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். அதை ஸ்பைருலினாவில் எடுக்க 20 கேப்சூலுக்கு மேல். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கிண்ணம் சுண்டல், கொள்ளு ரசம் இல்லாமல் கொள்ளையே மசியலாகச் சாப்பிடுவது என்று போனால் விலையிலும் அளவிலும் ஸ்பைருலினா எங்கேயோ பின்னால் நிற்கும். ஜிம் போகிற பையன்களும் இதைக் கேட்கிறார்கள். தம்பி, இரண்டு முட்டை சாப்பிடு.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. சேஷாத்ரி குழுவினர் கிராமத்துக் குழந்தைகளுக்கு நாளைக்கு 1 கிராம் அளவில் கொடுத்துப் பார்த்தபோது, வைட்டமின் ஏ குறைவால் கண்ணின் வெள்ளை விழியில் நுரை மாதிரி வருகிற பிட்டாட் புள்ளிகள் நன்றாகக் குறைந்தன. இது நம்பும்படியாக இருக்கிறது, ஏனென்றால் வைட்டமின் ஏ நமக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் தேவை, புதிதாக உலர்த்திய ஸ்பைருலினாவில் பீட்டா கரோட்டின் நிறைய. மைக்ரோகிராமில் தேவைப்படுகிற சத்துக்கு ஒரு கிராம் பொடி போதும், மில்லிகிராமிலும் கிராமிலும் தேவைப்படுகிற சத்துக்குப் போதாது. ஆனால் கரோட்டின் வெளிச்சத்திலும் காற்றிலும் சீக்கிரம் அழிந்துவிடும், கடையில் வருடக்கணக்கில் நின்ற டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. வீட்டில் பப்பாளி, கேரட், முருங்கைக்கீரை கொஞ்சம் எண்ணெயோடு கொடுத்தாலே இது கிடைத்துவிடும், அரசாங்கம் ஐந்து வயது வரை வைட்டமின் ஏ திரவமும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறது. ஸ்பைருலினா கடலைமிட்டாய் என்று ஒன்று வருகிறது, பிள்ளைகள் விரும்பித் தின்கிறார்கள். தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அதில் வேலை செய்வது முக்கால்வாசி கடலைதான்.

சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் வருவோம். இங்கே ஸ்பைருலினா பக்கம் சும்மா தள்ளிவிட முடியாத ஆய்வுகள் இருக்கின்றன. 2001ல் குஜராத்தில் 25 சர்க்கரை நோயாளிகளை வைத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் இரண்டு மாதம் தினம் 2 கிராம் கொடுத்ததில் அவர்களுக்குச் சர்க்கரை அளவு கொஞ்சம் குறைந்தது. மெக்சிகோவில் 4.5 கிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்து டிரைகிளிசரைடும் ரத்த அழுத்தமும் குறைந்ததாக 2007ல் எழுதினார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் வந்த சின்னச் சின்ன ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் கெட்ட கொழுப்பும் டிரைகிளிசரைடும் குறைகிற திசையில்தான் முடிவுகள் நிற்கின்றன. எல்லாமே சில டஜன் பேரை வைத்துச் செய்தவை, சில வாரங்கள் மட்டும் நடந்தவை. மாரடைப்பு குறைந்ததா, சிறுநீரகம் தப்பித்ததா என்ற கேள்விக்கெல்லாம் இவற்றில் பதில் கிடையாது, சர்க்கரைக்கான மெட்ஃபார்மினுக்கும் கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரைக்கும் அந்தப் பதில் இருக்கிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள்: ஆய்வில் கொடுத்தது 2 கிராம், 4.5 கிராம். 4.5 கிராம் என்றால் 9 கேப்சூல். கடையில் சொல்கிறபடி தினம் இரண்டு போட்டுவிட்டு அந்த ஆய்வின் பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. 9 கேப்சூல் கணக்கில் போனால் 60 கேப்சூல் டப்பா ஒரு வாரம் கூட வராது, மாதச் செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளோ அரசு மருத்துவமனையில் இலவசம், 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். மாத்திரையையும் சாப்பிட்டு, சோற்றின் அளவையும் குறைத்து, சாயங்காலம் நடந்துவிட்டு, அதற்கு மேல் ஆசைப்பட்டு ஸ்பைருலினாவும் சாப்பிடுகிறேன் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பிடுகிறேன் என்றால் அது விஷப்பரீட்சை.

ஸ்பைருலினா உண்மையிலேயே ஒரு தடவை முயன்று பார்க்கத் தகுந்தது என்று நான் நினைப்பது மூக்கு அலர்ஜிக்கு. காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல், மூக்கில் தண்ணீர், கண் அரிப்பு என்று இருப்பவர்களுக்கு. துருக்கியில் தினம் 2 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்து, இன்னொரு குழுவுக்கு வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஒப்பிட்டதில், ஸ்பைருலினா சாப்பிட்டவர்களுக்குத் தும்மல், மூக்கடைப்பு, அரிப்பு எல்லாம் குறைந்தன என்று 2008ல் வந்தது. அதற்கு முன்பே அமெரிக்காவில், அலர்ஜியைத் தூண்டுகிற ரத்தப் பொருள் ஒன்று இதே அளவில் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். இதற்கு எதிரில் நிற்பது லிவோசெடிரிசின் மாத்திரையும் மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரேயும். அவை விலை குறைவு, மாத்திரை அன்றைக்கே கேட்கும், ஸ்பிரே சில நாளில் கேட்கும், பல வருட அனுபவம் உள்ளவை. மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கொடுக்கும், வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தொல்லை. அப்படிப்பட்டவர் நாலு முதல் ஆறு டப்பா வாங்கி இரண்டு மூன்று மாதம் பார்க்கலாம், கேட்டால் தொடரட்டும், கேட்காவிட்டால் விட்டுவிடட்டும். ஆஸ்துமா இழுப்பு இருக்கிறவர்கள் இன்ஹேலரை நிறுத்திவிட்டு இந்தச் சோதனையில் இறங்கக் கூடாது.

வெற்றிலை புகையிலை போடுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. வாய்க்குள் கன்னத்தில் வெள்ளைத் திட்டு வரும், சிலருக்கு அது பின்னால் புற்றுநோயாக மாறும். கேரளத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வருடம் தினம் 1 கிராம் கொடுத்த ஆய்வு 1995ல் வந்தது. சாப்பிட்ட 44 பேரில் 20 பேருக்குத் திட்டு முழுசாக மறைந்தது, சாப்பிடாத 43 பேரில் 3 பேருக்குத்தான் மறைந்தது. நல்ல முடிவுதான். நிறுத்தின ஒரு வருடத்துக்குள் அந்த 20 பேரில் 9 பேருக்குத் திரும்பி வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். திட்டைப் பார்த்தால் பல் டாக்டரிடம் காட்டுவதும் புகையிலையை விடுவதும்தான் முதல் வேலை.

வெறும் அசதிக்கு? ருமேனியாவில் காரணம் தெரியாத நீண்டகாலக் களைப்பு உள்ள நாலு பேருக்கு, ஸ்பைருலினா எது போலி எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், தினம் 3 கிராம். வித்தியாசமே இல்லை. நாலே பேர்தான், ஆனாலும் எனக்கு ஆச்சரியமில்லை. அசதிக்குப் பின்னால் சோகை, தைராய்டு, பி12, சர்க்கரை, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று எதுவும் இருக்கலாம். ஒரு டப்பா வாங்குகிற காசில் ரத்தப் பரிசோதனையும் தைராய்டும் பல ஊர்களில் பார்த்துவிடலாம். முடி உதிர்வுக்கும் இதே பதில், கூடவே உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிடின் பரிசோதனையும் பாருங்கள். உடல் இளைக்க, முகம் பளபளக்க என்பதையெல்லாம் நான் தொடவில்லை.

யார் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடக்குவாதம், லூபஸ் மாதிரி உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய் இருப்பவர்கள், சிறுநீரகம் மாற்றிவிட்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா (புரதத்தில் இருக்கிற ஒரு பொருளை உடம்பால் சரியாகச் சிதைக்க முடியாத நோய்) இருக்கிற குழந்தைகள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்கள் 1 கிராமுக்குப் பயப்பட வேண்டாம், கரண்டி கரண்டியாகச் சாப்பிட நினைத்தால் யோசிக்கட்டும். ஆரம்பத்தில் சிலருக்கு வயிற்றுப் பொருமலும் தலைவலியும் வரும். மலம் பச்சையாகப் போவது சகஜம்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதாக இருந்தால், பண்ணை எங்கே என்று எழுதியிருக்கிற டப்பாவை வாங்குங்கள். கட்டுப்பாடில்லாத குளத்து நீரிலிருந்து அள்ளியதில் வேறு நச்சுப் பாசிகள் கலந்து கல்லீரலைக் கெடுக்கலாம், ஈயம் போன்ற உலோகங்களும் சேரலாம். சுத்தமான தொட்டியில், காரத்தன்மை அதிகமான தண்ணீரில் வளர்த்தால் மற்றவை பெரும்பாலும் பிழைக்காது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும், நச்சு மற்றும் கன உலோகப் பரிசோதனை அறிக்கை கேட்டால் நல்ல நிறுவனம் அனுப்பும். தயாரித்த தேதி பாருங்கள், புதிதாக இருக்கட்டும். கண்ணாடி ஜாடியில் வெளிச்சத்தில் வைத்து விற்கிற உதிரிப் பொடி வேண்டாம். கேப்சூலைவிடப் பொடி மலிவு, மோரில் உப்பு, பெருங்காயம், எலுமிச்சை சேர்த்துக் கலக்கினால் வாடை அடங்கும், உதட்டில் பச்சை மீசை வரும், துடைத்துக்கொள்ளலாம். காபியிலும் சூடான சூப்பிலும் போடாதீர்கள், அதன் நீலநிறச் சத்து சூட்டில் கெட்டுவிடும். டப்பாவைத் திறந்ததும் கடல் வாடை லேசாக அடிப்பது சரி, கெட்டுப்போன மீன் மாதிரி மூக்கைத் துளைத்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.